ஜாத்திலுவி

ஜாத்திலுவி என்பது இந்தோனேசியாவின் பாலித் தீவில், தபானான் மாவட்டத்தின் பெனெபெல் வட்டத்தில் உள்ள ஒரு நெல் விவசாயக் கிராமம் ஆகும். 2,276 மீட்டர் உயரமுள்ள பாத்துகாரு மலையின் தெற்குச் சரிவில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் இது அமைந்துள்ளது. மாகாணத் தலைநகரான டென்பசார் இதற்குத் தென்கிழக்கே உள்ளது. பாலி மொழியில் 'ஜாத்தி' என்றால் மெய்யானது, 'லுவி' என்றால் மேன்மையானது என்று ஊர்ப்பெயருக்குப் பொருள் கூறுவர். மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் வயல்களின் புகைப்படங்களால் உலகெங்கும் அறியப்பட்ட ஊர் இது. அந்தப் படிகள் ஒவ்வொன்றும் சரிவில் ஓடும் நீரைச் சற்று நிறுத்திப் பயன்படுத்திவிட்டு, அடுத்தவர் வயலுக்கு இறக்கிவிடும் ஏற்பாட்டின் பகுதியாகும்.

இடமும் நீரும்

தபானான் மாவட்டம் பாலியின் நெற்களஞ்சியம் என்று அழைக்கப்படுகிறது. எரிமலைச் சாம்பலால் உருவான வளமான மண்ணும், மலைக்காட்டில் ஊறும் சுனைகளும் இதற்குக் காரணம். பாத்துகாரு மலையின் மேற்பகுதி இன்றும் அடர்ந்த காடாகவே உள்ளது. மலையடிவாரத்தில் உள்ள லுகூர் பாத்துகாரு கோயிலைச் சார்ந்த புனித இடமாகக் கருதப்படுவதால் அங்கு மரம் வெட்டுவது பெரும்பாலும் தவிர்க்கப்பட்டு வந்துள்ளது. காடு நின்றதால் சுனைகள் வற்றவில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல மழை பெய்யும். அதன் பின் வரும் வறண்ட மாதங்களில் வயல்களைக் காப்பது இந்தச் சுனைநீரே.

பாலியின் ஆறுகள் ஆழமான பள்ளங்களில் ஓடுபவை. வயல்கள் கரையிலிருந்து வெகு மேலே இருக்கும். எனவே ஆற்றின் மேற்பகுதியில் சிறு அணை கட்டி, அங்கிருந்து நீரைத் திருப்பி, குன்றுகள் குறுக்கிட்டால் பாறையைக் குடைந்து சுரங்கம் அமைத்து, பல கிலோமீட்டர் தொலைவில் உள்ள வயலுக்குக் கொண்டு செல்ல வேண்டியிருக்கிறது. அணை 'எம்பெலான்' என்றும், வாய்க்கால் 'தெலாபா' என்றும், சுரங்கம் 'அவுங்கான்' என்றும் அழைக்கப்படுகின்றன. தனி ஒரு குடும்பத்தால் இவற்றில் எதையும் வெட்டவோ பராமரிக்கவோ இயலாது. பாலியின் பாசன அமைப்பைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தியிலிருந்து தொடங்குவது நல்லது.

சுபாக்

ஒரே வாய்க்காலில் நீர் பெறும் உழவர்கள் அனைவரும் சேர்ந்த சங்கமே 'சுபாக்' எனப்படும். பாலியில் இத்தகைய கூட்டுப் பாசன முறை 9ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிச் செல்கிறது என யுனெஸ்கோ குறிப்பிடுகிறது. சுபாக்கின் எல்லை நீரின் எல்லையே. ஓர் ஊரைச் சேர்ந்தவரின் வயல்கள் இரண்டு சுபாக்குகளில் இருக்கலாம். ஒரு சுபாக்கில் பல ஊரார் உறுப்பினராக இருக்கலாம். ஜாத்திலுவி சுபாக் ஏறத்தாழ 300 ஹெக்டேர் வயல்களைக் கொண்டது. அது 'தெம்பெக்' எனப்படும் சிறு பிரிவுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது.

சுபாக்கின் தலைவர் 'பெக்கசே' ஆவார். உறுப்பினர்களே அவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். வாய்க்கால் தூர் வாருதல், அணையைச் செப்பனிடுதல், கோயில் சடங்குகளுக்கான வேலைகள் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு குடும்பமும் ஆள் அனுப்ப வேண்டும். வராதவர் தண்டம் கட்ட வேண்டும். இவ்விதிகள் 'அவிக்-அவிக்' என்ற சங்க விதித்தொகுப்பில் அடங்கும்.

நீரைப் பங்கிடும் முறை எளிமையானது. வாய்க்கால் பிரியும் இடத்தில் குறுக்கே ஒரு மரக்கட்டை பதிக்கப்பட்டிருக்கும். அதில் ஒவ்வொருவரின் பங்குக்கும் ஏற்ற அகலத்தில் வெட்டுகள் இருக்கும். நீர் மிகுந்தாலும் குறைந்தாலும் வெட்டின் அகலம் மாறுவதில்லை. ஆகவே பற்றாக்குறையும் அதே விகிதத்தில் எல்லோருக்கும் பகிரப்படும். இப்போது பல இடங்களில் மரக்கட்டைக்குப் பதிலாக சிமெண்ட் வந்துவிட்டது. பங்கின் அலகான 'தெக்தெக்' என்ற சொல் மாறவில்லை. கட்டையில் யார் கைவைத்தாலும் அடுத்த முறை வாய்க்கால் பக்கம் வருபவர் கண்ணில் அது பட்டுவிடும்.

மேல்வயலும் கீழ்வயலும்

வாய்க்காலின் தலைப்பில் இருப்பவருக்கு நீர் முதலில் வந்து சேர்கிறது. அவர் ஏன் அதைக் கீழே இருப்பவருடன் பகிர வேண்டும்? பக்தி, ஊர்க்கட்டுப்பாடு, தண்டம் என்று பல காரணங்கள் கூறலாம். இவற்றுக்கு அப்பால் பயிரிலேயே ஒரு காரணம் இருப்பதை அமெரிக்க மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் எடுத்துக்காட்டினார்.

ஒரு பள்ளத்தாக்கில் உள்ள எல்லோரும் ஒரே வாரத்தில் நடவு செய்தால், சேறு கலக்கும் நாட்களில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மிகுதியான நீர் தேவைப்படும். கடைமடைக்கு நீர் எட்டாது. மாறாக, ஒவ்வொருவரும் தாம் விரும்பிய நாளில் நட்டால் நீர்த்தட்டுப்பாடு குறையும். ஆனால் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு வயலில் பயிர் நின்றுகொண்டே இருக்கும். எலியும் புகையான் பூச்சியும் அறுத்த வயலிலிருந்து பச்சை வயலுக்கு இடம் மாறிப் பெருகும். ஒரு பரப்பு முழுவதும் சேர்ந்தே அறுவடையாகி, சில வாரங்கள் வெறுமையாகக் கிடந்தால்தான் அவை இரையின்றி அழியும்.

ஆக, கீழ்வயல்காரருக்கு நீரைப் பற்றிய அச்சம். மேல்வயல்காரருக்கு நீர் பற்றிய கவலை இல்லை. ஆனால் கீழேயிருந்து ஏறிவரும் பூச்சியை அவரால் தனியாகத் தடுக்க முடியாது. கீழே உள்ளவர் தம்முடன் ஒரே நேரத்தில் பயிரிட வேண்டுமானால் அவருக்கு நீர் கொடுத்தே ஆக வேண்டும். எந்தச் சுபாக்குகள் சேர்ந்து நடுவது, எவை சில வாரங்கள் தள்ளி நடுவது என்பதை நீர்க்கோயில்களில் கூடி முடிவு செய்கின்றனர். ஜாத்திலுவிக்குக் கிழக்கே உள்ள ஓஸ், பெத்தானு ஆற்றுப் படுகைகளின் நீர், பயிர், பூச்சி ஆகியவற்றை லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் கணினியில் மாதிரியாக அமைத்துப் பார்த்தனர். தனித்தனி சுபாக்காக முடிவெடுப்பதையும், படுகை முழுவதும் ஒரே நாளில் நடுவதையும் விட, நீர்க்கோயில்களின் அளவில் கூடி முடிவெடுக்கும்போதே விளைச்சல் மிகுதியாக இருந்தது. 'பூசாரிகளும் நிரலாளர்களும்' எனப் பொருள்படும் தலைப்பில் லான்சிங் எழுதிய நூல் 1991இல் வெளிவந்தது.

இந்த ஆய்வுக்கு முன்பே அதன் விடையைப் பாலியின் உழவர்கள் பெரும் இழப்போடு கண்டிருந்தனர். 1970களில் அரிசி இறக்குமதியைக் குறைக்க இந்தோனேசிய அரசு பசுமைப் புரட்சித் திட்டங்களைத் தீவிரமாக நடத்தியது. சுமார் நான்கு மாதங்களில் விளையும் புதிய ரகங்களும், அவற்றுடன் உரமும் பூச்சிக்கொல்லியும் கடனாக வழங்கப்பட்டன. கோயில் நாட்காட்டியைப் பாராமல் இயன்றவரை அடிக்கடி நடுமாறு உழவர்கள் ஊக்குவிக்கப்பட்டனர். தொடக்கத்தில் விளைச்சல் கூடியது. பிறகு நீர்முறை குழம்பியது. புகையானும் துங்ரோ நோயும் வயல்களை அழித்தன. மருந்து தெளிக்கத் தெளிக்க, பூச்சியைத் தின்னும் சிலந்திகளும் சேர்ந்து மடிந்தன. நாடு முழுவதும் இச்சிக்கல் முற்றியதால் 1986இல் நெற்பயிருக்கு 57 வகைப் பூச்சிக்கொல்லிகளை அரசு தடை செய்தது. பாலியில் சுபாக்குகள் மீண்டும் கோயில் முறைக்குத் திரும்பின.

சிவப்பு நெல்

ஜாத்திலுவி அந்த அலையில் முழுவதுமாக அடித்துச் செல்லப்படவில்லை. குளிர்ந்த நீரும் உயரமும் இங்குள்ள பழைய ரகங்களுக்கே ஏற்றவை. சுபாக் வழக்கப்படி ஆண்டின் முதல் போகத்தில் உயரமாக வளரும் பாரம்பரிய நெல்லே நடப்படுகிறது. அது முற்ற ஐந்து முதல் ஆறு மாதங்கள் ஆகும். ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட சிவப்பரிசி இவ்வகையைச் சேர்ந்தது. இரண்டாம் போகத்தில் குறுகிய கால ரகங்கள் இடம்பெறும். வறுத்த சிவப்பரிசியில் தயாரிக்கும் பானம் இங்கு 'தேநீர்' என்ற பெயரில் விற்கப்படுகிறது. அதில் தேயிலை கிடையாது.

பயிரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சடங்கு உண்டு. பருவத் தொடக்கத்தில் அணைக்குச் சென்று நீரை வரவேற்பர். கதிர் உருவாகும் பருவத்தில் பயிரைக் கருவுற்ற பெண்ணாகக் கருதி 'பியுகுகுங்' என்ற சடங்கு செய்வர். இந்தப் பருவத்தைச் சூல் என்று சொல்லும் தமிழர்களுக்கு இது எளிதில் விளங்கும். நெல்லின் தெய்வம் தேவி ஸ்ரீ. அறுவடைக்கு முன் முதல் கதிர்களைக் கட்டி அவளது உருவமாகச் செய்து, பின்னர் களஞ்சியத்தில் வைப்பர். பாரம்பரிய நெல்லை அறுக்க உள்ளங்கையில் மறையும் சிறு கத்தியைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். ஒவ்வொரு தாளாகக் கொய்து, கதிரோடு கட்டாகக் கட்டிக் களஞ்சியத்தில் அடுக்குவர். புதிய ரகங்களில் நெல்மணி எளிதில் உதிர்ந்துவிடும் என்பதால் அவை அரிவாளால் அறுக்கப்பட்டு வயலிலேயே அடிக்கப்படுகின்றன. இந்த மாற்றத்தால் களஞ்சியத்தின் தேவையும் குறைந்தது.

அறுவடை முடிந்த வயலில் வாத்துகளை ஓட்டி விடுவர். அவை சிந்திய மணியையும் நத்தையையும் தின்று, எருவையும் இட்டுச் செல்லும். முன்பு உழவுக்குப் பாலி மாடுகள் பயன்பட்டன. இன்று குறுகிய படிவயல்களில் பவர் டில்லர் ஓடுகிறது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு அதை இறக்குவது இளைஞர்களுக்கே கடினமான வேலை.

வீடும் ஊரும்

பாலி வீடு என்பது சுற்றுச்சுவருக்குள் தனித்தனியாக நிற்கும் பல சிறு கட்டடங்களின் தொகுப்பு. உறங்கும் அறை, சடங்குகளுக்கான திறந்த மண்டபம், சமையற்கட்டு, தூண்கள்மேல் உயர்த்திய நெற்களஞ்சியம் ஆகியவை அதில் இருக்கும். திசைகளை மலைப்பக்கம், கடல்பக்கம் என்றே கணக்கிடுவதால், குடும்பக் கோயில் மலைப்பக்க மூலையில் அமையும். பல குடும்பங்கள் சேர்ந்தது 'பஞ்சார்'. திருமணம், இறப்பு, திருவிழா ஆகியவற்றைப் பஞ்சார் கவனித்துக்கொள்ளும்.

இதனால் ஒரே உழவர் நான்கு அமைப்புகளுக்குக் கட்டுப்பட்டவராகிறார். அரசின் நிர்வாகக் கிராமம், வழக்காற்றுக் கிராமம், பஞ்சார், சுபாக் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவரும் கூட்டமும் வேலைப்பங்கும் உண்டு. வெளியூரில் வேலை பார்க்கும் மகனால் இவற்றில் எத்தனைக்கு வர முடியும் என்பது இன்றைய குடும்பங்களில் அடிக்கடி எழும் பேச்சு.

நெல்லைத் தவிரக் காப்பி, கொக்கோ, தென்னை, வாழை ஆகியவற்றையும் ஊரார் பயிரிடுகின்றனர்.

உலக மரபுக் களம்

2012இல் யுனெஸ்கோ, சுபாக் முறையை மையமாகக் கொண்ட பாலியின் பண்பாட்டு நிலத்தோற்றத்தை உலக மரபுக் களமாக அறிவித்தது. மொத்தம் 19,500 ஹெக்டேர் கொண்ட அக்களத்தில் பாத்தூர் ஏரியும் அதன் நீர்க்கோயிலும், பக்கெரிசான் ஆற்றுப் படுகையும், தமான் ஆயுன் அரசகோயிலும், ஜாத்திலுவியை உள்ளடக்கிய பாத்துகாருப் பகுதியும் அடங்கும். இறைவன், மனிதர், இயற்கை ஆகிய மூன்றுக்கும் இடையிலான இணக்கத்தைக் கூறும் 'திரி ஹித கரணம்' என்ற கோட்பாட்டின் வெளிப்பாடாகச் சுபாக்கை அந்த அறிவிப்பு காண்கிறது. அதே ஆண்டில் பாலி மாகாண அரசு சுபாக்குகளுக்கென ஒரு சட்டத்தையும் இயற்றியது.

அறிவிப்புக்குப் பின் வெளிநாட்டுப் பயணிகளின் வருகை பெருகியது. ஊருக்குள் நுழையக் கட்டணம் வாங்கப்படுகிறது. அந்த வருவாயில் கிராமத்துக்கும் வழக்காற்று அமைப்புகளுக்கும் சுபாக்குக்கும் பங்கு உண்டு. ஆனால் கூட்டுப் பங்காக வரும் தொகை வேறு, சாலையோரம் இடம் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் வருவாய் வேறு. வயலைப் பார்த்தபடி அமர உணவகம் கட்ட முடிந்தவருக்கு அந்தக் காட்சியே முதலீடு. உள்ளே இருக்கும் வயல்களின் உரிமையாளரும், அவரது நிலத்தை வாரத்துக்கு உழுபவரும் அந்தக் காட்சியை உண்டாக்குகின்றனர். அவர்களுக்கு நெல்லின் விலைதான் கிடைக்கிறது.

நிலத்தின் மதிப்பு ஏறினால் அந்த மதிப்பைக் கொண்டு கணக்கிடப்படும் நிலவரியும் ஏறும். நெல் விளைச்சல் அதற்கு ஈடாக ஏறுவதில்லை. தெற்குப் பாலியில் பல சுபாக்குகளின் வயல்கள் விடுதிகளாகவும் வாடகை வீடுகளாகவும் மாறியதன் பின்னணி இதுதான். படிவயலில் ஒரு வயல் விற்கப்படுவது அந்த வயலோடு நிற்பதில்லை. வாய்க்கால் தடைபடலாம், கழிவுநீர் கலக்கலாம், தூர் வார ஓர் ஆள் குறையும். உணவுப் பயிர் நிலங்களைப் பாதுகாக்க 2009ஆம் ஆண்டின் 41ஆம் எண் சட்டம் நாடு முழுமைக்கும் உள்ளது. களத்தின் எல்லைக்குள் வயலில் கட்டடம் எழுப்பவும் கட்டுப்பாடுகள் உண்டு. தமது நிலத்தில் சிறு கடை போட விரும்பும் உழவருக்கும் அதே கட்டுப்பாடு பொருந்துவதுதான் ஊரில் மனத்தாங்கலை உண்டாக்குகிறது.

இளைஞர்களில் பலர் தெற்கின் விடுதிகளிலும் வெளிநாட்டுப் பயணக் கப்பல்களிலும் வேலை தேடிச் செல்கின்றனர். 2020இல் பெருந்தொற்றால் பயணிகளின் வரவு நின்றபோது பாலியின் பொருளாதாரம் 9 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது. வேலை இழந்தவர்களில் பலர் அந்த மாதங்களில் பெற்றோரின் வயலுக்குத் திரும்பினர். விமானங்கள் மீண்டும் வரத் தொடங்கியதும் அவர்களில் பெரும்பாலோர் விடுதிகளுக்கே சென்றனர். 2024இல் ஐ.நா. சுற்றுலா அமைப்பு வெளியிட்ட சிறந்த சுற்றுலாக் கிராமங்களின் பட்டியலில் ஜாத்திலுவி இடம்பெற்றது.