அனுமதி ஒன்று, கட்டிடம் வேறு

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998-ல் 113-ஏ என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். 1999 பிப்ரவரி 28-க்குள் எழுந்த விதிமீறல் கட்டிடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறை செய்யலாம், இந்த ஒரு தடவை மட்டும் என்பது ஏற்பாடு. ஆனால் 2000, 2001, 2002 என்று அந்தக் கெடு நகர்ந்துகொண்டே போனது. அந்த நீட்டிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் ரத்து செய்தது. அதற்குப் பிறகும் 113-சி என்று இன்னொரு பிரிவு வந்தது. இம்முறை 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கு. அதன் வழிகாட்டு விதிகள் வெளிவந்தது 2017-ல்.

இதில் தோற்றுப்போனது, அரை கிரவுண்டு மனையில் பக்கவாட்டில் விடவேண்டிய இடத்தை விட்டு, ஆசைப்பட்ட ஓர் அறையைக் கைவிட்டு, வரைபடத்தில் உள்ளபடியே வீடு கட்டியவர். பக்கத்து மனைக்காரர் மதிற்சுவர் வரை கட்டி, மேலே இரண்டு மாடி ஏற்றி, பிறகு பணம் கட்டிச் சரிசெய்துகொள்கிறார். திட்ட அனுமதி முறைமீது மக்களுக்கு நம்பிக்கை போனதற்கு லஞ்சத்தை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. விதியை மதித்தவரை ஏமாளியாக்கும் வேலையைச் சட்டமே செய்திருக்கிறது.

விடப்படும் இடம் வெறும் காகிதக் கணக்கு அல்ல. தி.நகர் ரங்கநாதன் தெருவில் 2008 செப்டம்பரில் தீப்பிடித்த கடையில் ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் பற்றிய தீ ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. அந்தக் கட்டிடத்தில் அனுமதியை மீறி மாடிகள் எழுப்பப்பட்டிருந்தன. தீயணைப்பு வண்டி சுற்றிவர வழியில்லாத கட்டிடத்தில் சிக்குகிறவர்களுக்கு, வரன்முறைக் கட்டண ரசீது எந்த உதவியும் செய்யாது. மௌலிவாக்கத்தில் நடந்தது இன்னும் கொடியது. 2014 ஜூன் 28 அன்று மழையில் சரிந்து 61 பேரைக் கொன்ற 11 மாடிக் கட்டிடம் அனுமதி பெற்றது. அரசு முத்திரை இருந்தால் பாதுகாப்பு என்று நினைத்தவர்களை உலுக்கிய நாள் அது.

சீர்திருத்தம் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2019-ல் மாநிலம் முழுமைக்கும் ஒரே கட்டிட விதித் தொகுப்பு வந்தது. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் சுயசான்று அளித்து இணையத்திலேயே அனுமதி பெறலாம். சிறு வீட்டுக்காரரை அரசு நம்பத் தொடங்கியிருக்கிறது, மனமார வரவேற்கிறேன்.

ஆனால், அரசை மக்கள் நம்புவதற்கு வேகம் மட்டும் போதாது. வயலையோ திறந்தவெளியையோ குடியிருப்புப் பகுதியாக மாற்றும்போது, நாளிதழின் மூலையில் சர்வே எண்களோடு ஓர் அறிவிப்பு வருகிறது. தன் தெருவைப் பற்றித்தான் அது பேசுகிறது என்று எத்தனை பேருக்குப் புரியும்? விதிகளிலிருந்து விலக்கு வழங்கும்போதும் இதே இருட்டு. அதே சட்டத்தின் 113-ஆம் பிரிவின் கீழ் போதிய காரணமின்றி வழங்கப்பட்ட 62 விலக்கு ஆணைகளை 2000-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. காரணத்தை எழுதி எல்லோரும் படிக்க வைத்திருந்தால், அவற்றில் பல பிறந்தே இருக்காது.

கட்டுமானம் நடக்கும் இடத்திலேயே அனுமதி பெற்ற வரைபடத்தை வைக்க வேண்டும், தவறு செய்த அதிகாரிகள்மீது நடவடிக்கை வேண்டும் என்று 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இதைச் சட்டத்திலேயே எழுதிவிடலாம். எத்தனை மாடிக்கு அனுமதி, எந்தப் பக்கம் எத்தனை அடி விட வேண்டும் என்று தெருவில் போகிறவர் படிக்கும்படி தமிழில் ஒரு பலகை இருந்தால், முதல் மேற்பார்வையாளர் எதிர்வீட்டுக்காரர்தான். அவர் புகார் கொடுத்தால் இத்தனை நாளில் பதில் என்ற கெடுவும் வேண்டும். வரன்முறைக்கோ இனி எந்தப் புதிய தேதியும் கிடையாது என்று சட்டசபை சொல்ல வேண்டும்.

சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்கானது. மூன்றாவதன் வரைவைத் தமிழில், வார்டு வாரியாக, வரைபடத்தோடு மக்கள் முன் வைக்க வேண்டும். வருகிற ஆட்சேபம் ஒவ்வொன்றுக்கும், ஏற்றாலும் மறுத்தாலும், எழுத்தில் பதில் தர வேண்டும்.