பதில் சொல்லாத தரகரும் வீடு தேடுவோரும்

வீட்டுக் கடன் குறித்துப் பேச எங்கள் கிளைகளுக்கு வரும் வாடிக்கையாளர்களில் பலர், வட்டி விகிதத்துக்கு அடுத்தபடியாகத் தரகர்களைப் பற்றித்தான் குறைப்படுகின்றனர். விளம்பரத்தைப் பார்த்து அழைத்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும் "மாலையில் பேசுகிறேன்" என்பதோடு சரி. பணி மாற்றலில் புணேக்கோ பெங்களூருக்கோ சென்று, மொழியும் தெருவும் பழகாத ஊரில் வீடு தேடுவோருக்கு இந்த அலைச்சல் இரட்டிப்பாகும். நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகள் வீணான பிறகு, ஒழுங்காகப் பதில் சொல்லும் முதல் தரகரிடமே முன்பணத்தைக் கொடுத்துவிடும் மனநிலை வந்துவிடுகிறது. சேமிப்புக்கு ஆபத்து தொடங்கும் இடம் அது.

தரகர் ஏன் பதில் சொல்வதில்லை? ஒரே வீட்டை ஐந்தாறு தரகர்கள் விளம்பரம் செய்வது வழக்கம். வீடு விற்றுப்போன பின்னும், புதிய அழைப்புகள் வரட்டும் என்று விளம்பரத்தை நீக்காமல் வைத்திருப்போரும் உண்டு. மேலும், விற்பனை முடிந்தால்தான் தரகருக்கு வருமானம். ஆகவே அழைப்பவர்களில் வாங்கக்கூடியவர் யார், விசாரித்துவிட்டுப் போகிறவர் யார் என்று அவர் தரம் பிரிக்கிறார். இது மரியாதையான வழக்கம் அன்று. ஆயினும் அவர் கணக்கு அதுதான்.

எனவே, தேடத் தொடங்குமுன் வங்கியிடம் கொள்கையளவிலான கடன் ஒப்புதல் கடிதம் பெற்றுக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறோம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சம் ரூபாய்க்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன், வீட்டின் மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 60 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டுக்கு அதிகபட்சம் 48 லட்சமே கடனாகக் கிடைக்கும். மீதி 12 லட்சத்துடன், முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் கைப்பணத்திலிருந்தே வர வேண்டும். இந்தக் கணக்கைத் தெளிவாக வைத்திருப்பவரைத் தரகர் எளிதில் ஒதுக்குவதில்லை. அழைப்பைவிட எழுத்துச் செய்தி நல்லது. வேண்டிய பகுதி, பரப்பு, விலை வரம்பு, கடன் ஒப்புதல் இருக்கும் விவரம், வீடு பார்க்க வரக்கூடிய நாள் ஆகியவற்றை நான்கு வரியில் எழுதி, "இந்த வீடு இன்னும் விற்பனையில் உள்ளதா?" என்று முடியுங்கள். இரண்டு நாளில் பதில் இல்லையெனில் வேறு தரகரிடம் செல்லலாம். அடுக்ககத்தின் சங்க அலுவலகத்திலும் காவலாளியிடமும் கேட்டுப் பாருங்கள். எந்த வீடு விற்பனைக்கு என்பது அவர்களுக்குத் தெரியாமல் இராது.

நாங்கள் அதிகம் அஞ்சுவது வேறொரு வகை மௌனத்துக்கு. வீட்டைக் காட்ட வண்டியோடு வந்து நிற்பார். நாள்தோறும் அவரே அழைப்பார். தாய்ப் பத்திரத்தின் நகலைக் கேட்டால் மட்டும் பேச்சு மாறும். "இன்னும் மூன்று பேர் காத்திருக்கிறார்கள், முதலில் டோக்கன் கொடுங்கள்" என்பார். அவசரம் அவருடையது, பணம் உங்களுடையது.

ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இங்கே ஓரளவு துணை நிற்கிறது. அச்சட்டப்படி பதிவான குடியிருப்புத் திட்டங்களில் கட்டுமான நிறுவனம் விற்கும் வீட்டுக்கோ மனைக்கோ தரகு பார்ப்பவர், தாமும் பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும். அவருடைய பதிவெண்ணை மாநில ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். முன்பதிவின்போது உரிய தகவல்களும் ஆவணங்களும் வாங்குபவருக்குக் கிடைக்கச் செய்வது அவர் கடமை. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்து விலையில் 5 சதவீதம் வரை அபராதம் விதிக்கப்படலாம். தரகர் மீதே ஆணையத்தில் புகார் அளிக்கவும் வழியுண்டு.

ஆனால் ஒருவர் குடியிருந்த பழைய வீட்டை மறுவிற்பனையில் வாங்கும்போது இந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே தரகரின் பதிலுக்குக் காத்திராமல் நீங்களே ஆவணத்தைத் தேட வேண்டும். தமிழ்நாட்டில் வில்லங்கச் சான்றையும், மகாராஷ்டிரத்தில் 'இன்டெக்ஸ் 2' எனும் பதிவுச் சுருக்கத்தையும் இணையவழியே பார்க்கலாம். உரிமையாளரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தரகர் தர மறுப்பதற்கு ஒரு நியாயம் உண்டு: தம்மை விட்டுவிட்டு இருவரும் நேரில் பேசி முடித்துவிடுவார்களோ என்ற அச்சம். தரகு எவ்வளவு, எப்போது தரப்படும் என்பதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால் அந்த அச்சம் நீங்கும். அதன் பிறகும் அவர் மறுத்தால் அந்த வீட்டை விட்டுவிடுவதே நல்லது.

முன்பணத்தை உரிமையாளரின் வங்கிக் கணக்கில் மட்டுமே செலுத்துங்கள். அசையாச் சொத்துக்கான முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. சட்டக் கருத்துரை சாதகமாக இல்லையென்றாலோ கடன் மறுக்கப்பட்டாலோ இத்தனை நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும் என்ற வரி, உரிமையாளர் கையெழுத்திடும் ரசீதில் இருக்கட்டும். கட்டுமான நிறுவனத்திடம் வாங்குவோர், விற்பனை ஒப்பந்தம் பதிவாகுமுன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் தர வேண்டியதில்லை. கேட்பதே சட்டத்துக்கு முரணானது.

வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் முன்பணம் கொடுத்த பிறகே ஆவணங்களைக் கிளைக்குக் கொண்டுவருகின்றனர். அதற்கு முன்பே நகல்களைக் கொண்டுவந்தால், பத்திரத் தொடரில் விடுபட்டது எது என்பதை எங்கள் அலுவலர்கள் சொல்ல முடியும். தரகரிடம் அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.