கொழுக்கிப்புழுவும் மருந்தாராய்ச்சியும்

சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் மழைக்குக் குறைவில்லை. இறப்பர் மரங்களின் நிழலும், ஈரம் வற்றாத மண்ணும், ஆண்டு முழுவதும் நீடிக்கும் வெப்பமும் அங்குள்ள தோட்டங்களுக்கு வளந் தருகின்றன. அதே நிழலும் ஈரமும் வெப்பமும் கொழுக்கிப்புழு என்னும் ஒட்டுண்ணிக்கும் உகந்தவையாக அமைந்துவிட்டன. இப்புழுவுக்கு எதிராக ஆய்வுகூடங்கள் கண்ட மருந்துகளையும், அவற்றால் மட்டும் இந்நோய் ஏன் ஒழிவதில்லை என்பதையும் இங்கு நோக்குவோம்.

ஏறத்தாழ ஒரு சென்றிமீற்றர் நீளமுடைய இப்புழு குடற்சுவரைக் கௌவிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. பெண்புழு நாள்தோறும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். அவை மலத்தோடு வெளியேறி, ஈரமண்ணிற் பொரித்து, கண்ணுக்குப் புலப்படாத குடம்பிகளாகின்றன. வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உட்புகும் குடம்பிகள், இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலைச் சேர்கின்றன. தோலின் வழியே இவை புகுவதை 1898 இல் கெய்ரோ நகரில் லூஸ் என்னும் அறிஞர் கண்டறிந்தார். குடம்பிகள் கலந்த நீர் தற்செயலாக அவர் கையிற் சிந்தியதே அதற்கு வழிகோலியது.

இலங்கையிற் பெரும்பாலும் காணப்படும் நெக்கேட்டர் இனப்புழு ஒன்று, நாளொன்றுக்கு ஒரு சொட்டிலும் குறைவான இரத்தத்தையே போக்குகிறது. ஆயினும் இருநூறு புழுக்கள் இருப்பின் மாதத்தில் ஏறத்தாழ 180 மில்லிலீற்றர் போய்விடும். கொழுந்துக் கூடையைச் சுமந்து மேடேற இயலாது மூச்சு வாங்கும் பெண்ணைச் சோம்பேறி என்று ஏசுவோர் இக்கணக்கை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவளிடம் குறைந்திருப்பது இரத்தமேயன்றி ஊக்கமன்று.

1916 இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் ஆதரவோடு இலங்கைத் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு முயற்சி தொடங்கியது. அக்காலத்து மருந்துகளுள் ஒன்று தைமோல். முதல்நாள் இரவு பேதியுப்பு, மறுநாட் காலை வெறும் வயிற்றில் மருந்து, பின்னர் மீண்டும் பேதியுப்பு என்பதே முறை. அன்று வேலைக்குச் செல்லல் அரிது. 1921 இல் மோரிஸ் ஹோல் என்னும் அமெரிக்க விலங்கு மருத்துவ அறிஞர், கார்பன் டெட்ராகுளோரைட்டை நாய்களிற் சோதித்துத் தாமும் உட்கொண்டு பார்த்தார். அது புழுவைக் கொன்றது; ஆனால் ஈரலையும் தாக்கவல்லது என்று பின்னர்த் தெரியவந்தது. புழுவுக்கு நஞ்சாகவும் மனிதனுக்குத் தீங்கற்றதாகவும் அமையும் பொருளைக் காண்பதே ஆராய்ச்சியின் பெருஞ்சிக்கலாயிற்று.

இத்தேடலில் இலங்கைக்கும் பங்குண்டு. வெல்கம் ஆய்வுகூடத்தார் கண்ட பெபீனியம் என்னும் மருந்தை இந்நாட்டு நோயாளரிடம் சோதித்த முடிவுகளை, குட்வின், ஜயவர்தன, ஸ்டாண்டன் ஆகியோர் 1958 இல் வெளியிட்டனர். 1970களில் மெபெண்டசோலும் அல்பெண்டசோலும் உருவாயின. இவை புழுவின் உயிரணுக்களிலுள்ள நுண்குழாய்களைச் சிதைத்து, அது குளுக்கோசை உறிஞ்சவொட்டாமற் செய்கின்றன. புழு பட்டினியால் மடிகிறது. இன்று 400 மில்லிகிராம் அல்பெண்டசோலை ஒரே வேளையில் விழுங்கினாற் போதும், பேதியுப்பு வேண்டுவதில்லை. கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் மட்டும் இதனைத் தவிர்த்தல் வேண்டும்.

ஆயினும் மருந்து குடலைத் துப்புரவாக்குமேயன்றி மண்ணைத் துப்புரவாக்காது. ஒருமுறை நோயுற்றவருக்கு மறுமுறை அதனைத் தடுக்கும் ஆற்றல் போதிய அளவு உண்டாவதுமில்லை. ஆகையால் மருந்துண்டவர் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் மீண்டும் புழு புகும். ஆடுகளின் குடற்புழுக்கள் இவ்வினத்து மருந்துகளுக்கு எதிர்ப்புப் பெற்றுவிட்டமையும் ஓர் எச்சரிக்கையாகும். புதிய மருந்துகளைத் தேடும் பணி ஆய்வுகூடங்களில் இன்றும் தொடர்கிறது.

எனவே ஒரு வீட்டார் மட்டுமன்றி லயம் முழுவதும் ஒருங்கே மருந்துண்ணல் வேண்டும். ஒவ்வொரு குடும்பத்திற்கும் மலசலகூடம் வேண்டும். காலுக்குச் செருப்பும், இழந்த இரத்தத்தை ஈடுசெய்ய இரும்புச்சத்தும் வேண்டும். ஆய்வுகூடம் தன் பங்கை ஒரு வில்லையில் அடக்கித் தந்துள்ளது. எஞ்சியது தோட்டத்து மண்ணிற் செய்யவேண்டிய பணியாகும்.