பிள்ளைக்கு மல்டிமீட்டர் வாங்கப் போகிறோமா?

பிள்ளைகள் எல்இடி, மோட்டார், ஆர்டுயினோ என்று இறங்கிவிட்டால் அடுத்துக் கேட்பது மல்டிமீட்டர்தான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடி-830 வகை மீட்டரே பேட்டரி வேலைக்குத் தாராளமாகப் போதும். முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டால் 'பீப்' ஒலி வருகிறதா என்று மட்டும் கடையிலேயே பார்த்துவிடுவோம். அறுந்த வயரைத் தேட அதுதான் உதவும். சில மலிவு மாடல்களில் அது இருப்பதில்லை. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழையது கண்ணில் பட்டால், புது 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அளந்து பார்த்தே வாங்க வேண்டும்.

பயப்பட வேண்டிய இடம் வேறு. இத்தகைய மீட்டர்கள் பலவற்றில் 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸ் கிடையாது. 'அன்ஃபியூஸ்டு' என்று அருகிலேயே அச்சிட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை! கரண்ட் அளந்த பிள்ளை, சிவப்பு வயரை அந்தத் துளையிலேயே மறந்துவிட்டு, முனைகளை வீட்டின் 230 வோல்ட் பிளக் பாயின்டில் செருகினால் நேரடி ஷார்ட் சர்க்யூட். முனை உருகித் தெறிக்கும், கை கருகும். முகப்பில் 600 வோல்ட் என்று எழுதியிருப்பது அப்போது காப்பாற்றாது. பிளக் பாயின்டை அளக்கத்தான் வேண்டுமென்றால், எல்லாக் கரண்ட் துளைகளுக்கும் ஃபியூஸ் உள்ள 'கேட் 3' தர மீட்டர் வேண்டும், அதுவும் பெரியவர்கள் கையில்.