காகிதமும் களிமண்ணும்

களிமண்ணிலே காகிதத்தைக் கலந்து பாண்டம் வனையலாம் என்று சொன்னால் நம்மவருள் பலர் நகைக்கக்கூடும். மண் நெருப்பில் வேகும். காகிதம் நெருப்பில் எரிந்து போகும். இவ்விரண்டிற்கும் உறவு ஏது என்று கேட்பார்கள். ஆயினும் இவ்விரண்டையும் ஒன்று சேர்க்கும் முறை இன்று பல நாட்டு மட்பாண்டக் கலைஞரிடையே பரவியிருக்கிறது. இவ்வாண்டுக் கோடையில் பெங்களூரில் ஒரு கலைக்கூடத்தார் நடத்திய பத்து நாள் பயிற்சியில் அதனை நாம் கற்று வந்தோம். சேர்த்து வைத்திருந்த விடுப்பை எழுதிக் கொடுத்துவிட்டு, மாரிக்குப்பத்தில் வண்டியேறி நாள்தோறும் போய் வந்தோம். கோலார் தங்கவயலில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இத்தொழிலால் விளையக்கூடிய பயனையும், அதனோடு ஒட்டிய ஓர் அபாயத்தையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெறுங் களிமண்ணின் இயல்பை முதலிற் சொல்ல வேண்டும். ஈரமாயிருக்கையில் அது நம் விரலுக்கு இசைகிறது. உலர உலரச் சுருங்குகிறது. ஒரு பக்கம் விரைந்தும் மறு பக்கம் மெதுவாகவும் உலர்ந்தால் வெடிப்பு விழுகிறது. உலர்ந்த பாண்டத்தின் காது ஒடிந்துவிட்டால் ஈர மண்ணை வைத்து ஒட்ட முடியாது; ஒட்டியது போலத் தோன்றும், மறுநாள் பிரிந்து விழும். குயவர்கள் காலங்காலமாக இதனோடு போராடி வருகிறார்கள்.

காகிதக் கூழைச் சேர்த்தவுடன் இந்த இயல்பு மாறிவிடுகிறது. காகிதம் என்பது மரம், பருத்தி முதலியவற்றின் நார்களால் ஆனது. ஒவ்வொரு நாரும் கண்ணுக்குத் தெரியாத சிறு குழல் போன்றது. நீரை உறிஞ்சித் தன்னகத்தே கொள்வது. இந்நார்கள் களிமண்ணினூடே வலை போலப் பின்னிக்கொள்கின்றன. அதனால் மெல்லிய தகடும் உடையாமல் நிற்கிறது. எலும்பு போல் உலர்ந்த துண்டின் மீதும் மண் குழம்பைத் தடவினால், நார்கள் அக்குழம்பின் நீரை இழுத்துக்கொள்ள, ஒட்டு பிடித்துக்கொள்கிறது. பயிற்சிக்கு வந்திருந்த பள்ளி மாணவி ஒருத்தியின் உலர்ந்த கிண்ணத்திலிருந்து ஒரு காது ஒடிந்து விழுந்தது. ஆசிரியை அம்மையார் அதனை மீண்டும் ஒட்டி, மறுநாள் அந்தக் காதைப் பிடித்தே கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினார். அப்பொழுதுதான் எமக்கும் முழு நம்பிக்கை பிறந்தது.

1990-களில் ரோசெட் கால்ட் என்னும் அமெரிக்கப் பெண்மணி இம்முறையை ஆராய்ந்து, 1998-இல் நூலாகவும் வெளியிட்டார். ஆனால் மண்ணோடு நாரைச் சேர்க்கும் அறிவு நமக்குப் புதிதன்று. சுவர் வைக்கும் மண்ணில் வைக்கோலை மிதித்துச் சேர்ப்பதை நம் ஊர்ப்புறத்தில் யார் காணவில்லை? ஐயனார் கோயிற் குதிரைகளைச் செய்யும் வேளார்கள் மண்ணோடு மணலும் உமியும் கலக்கிறார்கள். சித்த மருத்துவர்கள் புடமிடும் அகல்களின் வாயை மண் தோய்த்த துணியாற் சுற்றி மூடுவதற்குச் 'சீலைமண்' என்றே பெயர். துணியும் நார், காகிதமும் நார். துணியின் இடத்திற்குக் காகிதம் வந்ததென்று கொண்டாற் போதும்.

செய்முறை எளிதானது. பழைய தாளைக் கிழித்து வெந்நீரில் ஊறவைத்து நன்றாக அரைத்துக் கூழாக்க வேண்டும். பளபளப்பான விளம்பரத் தாள் உதவாது, எளிதிற் கரையாது. முட்டை அடுக்கும் அட்டைகள் நன்றாகக் கரைகின்றன. களிமண்ணைத் தனியே தயிர் போலக் கரைத்து வடிகட்டி, மூன்று படி மண் குழம்புக்கு, நீரைப் பிழிந்த காகிதக் கூழ் ஒரு படி என்று கலக்க வேண்டும். பிறகு இதனைப் பிளாஸ்டர் பலகையின் மேல் ஊற்றிப் பரப்பினால், பலகை நீரைக் குடித்துக்கொள்ள, பிசையும் பதத்திற்கு வந்துவிடும். பலகை இல்லாதவர் சுட்ட செங்கற்களின் மேல் துணி விரித்து ஊற்றலாம். கலந்த மண்ணை நெடுநாள் வைக்கலாகாது. சில நாளிலேயே பூசணம் பிடித்து நாற்றம் எடுக்கும். தேவைக்கு மேற்பட்டதை மெல்லிய தகடாக்கி உலர்த்தி வைத்துக்கொண்டு, வேண்டும்போது நனைத்துக்கொள்வதே நல்லது.

இரயில்வே அலுவலகத்திற் பழைய தாளுக்குப் பஞ்சமா என்று நண்பர் சிலர் கேட்டனர். அவை அரசாங்க உடைமை; கழிவுத் தாளாயினும் முறைப்படி ஏலத்திற்குப் போகவேண்டியவை. எனவே பழைய செய்தித்தாட்களைக் கடையில் காசு கொடுத்தே வாங்கினோம்.

நம் லைனில் வசிக்கும் ஆயா ஒருவர், வாழ்க்கைப்பட்டுக் குடியாத்தத்துப் பக்கமிருந்து இங்கு வந்தவர், நாம் திண்ணையிற் காகிதம் கிழிப்பதைச் சற்று நேரம் நின்று பார்த்தார். "இதுக்காடா தம்பி பெங்களூரு வரைக்கும் போயி வந்தே? வெந்தயத்தைப் போட்டு ஆட்டுக்கல்லுல ஆட்டினா ஆச்சு!" என்றார். அவர் சொன்னது நம் தாய்மார் அறிந்த காகிதக் கூடை வேலை. ஊறிய காகிதத்தையும் வெந்தயத்தையும் சேர்த்து அரைத்து, கவிழ்த்த பானையின் மேல் அப்பி, வெயிலில் உலர்த்தி எடுப்பார்கள். வெந்தயத்தின் வழவழப்பே பசையாக நின்று நார்களைப் பிணைக்கும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையிலும் காகிதக் கூழே கைகொடுக்கிறது. அப்பொம்மை 2008-09-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. எனினும் இவை நெருப்பைக் காணாத வேலைகள். நீர் பட்டால் ஊறிவிடும். காகிதக் களிமண்ணோ சூளையிற் சுடப்படுகிறது. காகிதம் முழுவதும் எரிந்து மறைய, அது இருந்த இடமெல்லாம் நுண்ணிய துளைகளாகி, எடை குறைந்த மண்பொருள் எஞ்சுகிறது. கூழாய்ச் சேர்ந்து துளையாய் முடிகிற இந்த வேலை எமக்கு விந்தையாகவே தோன்றியது. ஆயாவிடம் இதனைச் சொன்னோம். "எரிஞ்சு போறதுக்கு எதுக்குடா அரைக்கணும்?" என்றார். மெல்லிய சுவரும் ஒடியாத காதும் கிடைப்பதற்கு என்றோம். அவர் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

இனி அந்த அபாயத்தைச் சொல்ல வேண்டும். காகித நார் எந்தத் தூளையும் பிணைத்து நிறுத்தும். இதனை அறிந்த இளைஞர் சிலர், "சயனைடு மேட்டில் மாவு போன்ற மண் மலையாய்க் கிடக்கிறதே, அதையே குழைத்தால் என்ன?" என்று எம்மிடம் கேட்டனர். கூடவே கூடாது. அது களிமண்ணே அன்று. சுரங்கத்திலிருந்து வந்த பாறையை மாவாய் அரைத்து, சயனைடு நீரால் தங்கத்தைக் கரைத்து எடுத்தபின் தள்ளிய கழிவு அது. இப்படி 13 மேடுகளில் 3 கோடி டன்னுக்கு மேல் கிடக்கிறது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. மேடுகள் மட்டும் நின்றுவிட்டன. அத்தூளிற் கந்தகச் சேர்மங்கள் உண்டு. சூளையில் இட்டால் நச்சுப் புகை எழும். காற்றிலே பறந்து மூச்சில் ஏறும் நுண்மணலும் உண்டு. குழந்தைகள் அதனைக் கையாற் பிசைய விடுவது பெற்றோர் செய்யத் தகாத காரியம். மேட்டிலிருந்து மழைநீர் ஓடிவரும் பள்ளங்களின் வண்டலும் ஆகாது. சுற்றுக் கிராமங்களில் இன்றும் பானை வனையும் கும்பாரரிடம் நல்ல ஏரிமண்ணை விலைக்கு வாங்குவதே முறை.

நல்ல மண்ணிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. உலர்ந்த பாண்டத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டாம் என்று ஆசிரியை அம்மையார் முதல் நாளே கட்டளையிட்டார். ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். மேசையையும் ஈரத் துணியாலேயே துடைக்க வேண்டும். துடைப்பத்தாற் பெருக்கவே கூடாது. களிமண் தூசியிலும் சிலிக்கா உள்ளது. ஆண்டுக்கணக்கில் அதனைச் சுவாசித்தால் நுரையீரல் கெடும். கூடத்தில் இருந்தவர்கள் இதனைப் பாடமாகக் குறித்துக்கொண்டார்கள். எமக்கோ வேறு நினைவு. துளையிட்ட பாறையின் தூசியை விழுங்கி, சிலிகோசிஸ் நோயால் இருமி இருமிச் சாய்ந்த பாட்டன்மார் நம் லைன்களில் எத்தனை பேர்! மைசூர் அரசாங்கம் 1940-இலேயே இந்நோய்க்கெனத் தனி விதிகளை வகுக்க நேர்ந்தது. அந்த ஊரார் நாம். நமக்கு இதனை இருமுறை சொல்ல வேண்டுவதில்லை.

பயன் என்ன என்று கேட்பீர்கள். விடியுமுன் வண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்பும் வாழ்க்கை நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. சீட்டுச் சாளரத்தின் உட்புறமிருந்து அம்முகங்களை நாள்தோறும் பார்க்கிறோம். அவ்வேலைக்கு ஈடாக இக்கலை பணம் தரும் என்று சொல்வது பொய்யாகும். ஆனால் வீட்டிலிருக்கும் பெண்டிர் கொலுப் பொம்மை, அகல் விளக்கு, சுவரில் மாட்டும் தட்டு முதலியவற்றைச் செய்து சிறு வருவாய் காணக்கூடும். சக்கரம் வேண்டுவதில்லை, இரண்டு வாளியும் ஒரு பலகையும் போதும். நுண்துளை உடையதாகையால், மெருகு பூசி உயர்ந்த வெப்பத்திற் சுடாதவரை உணவுப் பாத்திரத்திற்கு ஆகாது என்பதை மட்டும் மறக்கலாகாது.

இடர் சூளையில்தான். ஏறத்தாழ 450 முதல் 600 பாகை செல்சியஸ் வெப்பத்திலேதான் களிமண் தன்னுள் கட்டுண்ட நீரை விட்டு, மீண்டும் கரையாத பொருளாகிறது. சமையல் அடுப்பு இதற்குப் போதாது. வெப்பம் ஏறும் வழியிற் காகிதம் கருகிப் புகை கக்கும். சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடுகளில் அதற்கு இடமில்லை. வெட்டவெளியில், மெதுவாகச் சூடேற்றிச் சுடவேண்டும். இதுபற்றிப் பக்கத்துக் கிராமத்துக் கும்பாரர் ஒருவரிடம் பேசினோம். காகிதம் கலந்த மண்ணைத் தம் பானைகளோடு வைக்க முதலில் தயங்கினார். வெடித்தால் தம் பானைகளும் போய்விடுமே என்றார். அவர் அச்சம் நியாயமானது. அடுத்த சூளையில் ஓரமாக ஆறு அகல்களை மட்டும் வைத்துப் பார்க்க இசைந்திருக்கிறார். நன்றாக வெந்து வந்தால் அடுத்த முறை அரைச் சூளை இடம் தருவதாகவும், விறகுச் செலவிற் பாதியை நாம் ஏற்க வேண்டுமென்றும் சொல்லியிருக்கிறார். அந்த ஆறு அகல்களும் இப்பொழுது நிழலில் உலர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் இரண்டு ஆயா தம் கையாற் பிடித்தவை.