மடிக்கணினியின் நினைவகம்

மடிக்கணினி மந்தமாகிவிட்டால், அதனை ஒதுக்கிவிட்டுப் புதியதொன்று வாங்குவதே வழி என எண்ணுவோர் பலர். இந்நாட்டில் அவ்வழி எல்லோர்க்கும் எளிதன்று. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் மதிப்பு, மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறியது. பிற நாடுகளிலிருந்து வரும் பொருளாதலின் கணினியின் விலையும் உடன் ஏறிற்று. கலஹாவிலோ புசல்லாவையிலோ வாழும் தோட்டத் தொழிலாளர் குடும்பம் ஒன்று, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பயிலும் தன் பிள்ளைக்குப் புதிய கணினி வாங்குவதென்றால், பல மாத உழைப்பை அதற்கு ஈடாகக் கொடுத்தல் வேண்டும். பழைய கணினியின் நினைவகத்தை மட்டும் பெருக்கி, அதனையே மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்த இயலுமாயின், அது சிறு நன்மையன்று.

நினைவகம் என்பது யாது? ஓர் எழுத்தருக்கு அலுமாரியும் உண்டு, மேசையும் உண்டு. கோப்புகள் நிலையாக இருப்பது அலுமாரியில். வேலை நடப்பது மேசையின்மீது. கணினியின் வன்தட்டு அலுமாரியை ஒக்கும். கடைக்காரர் 'ரேம்' எனக் குறிப்பிடும் நினைவகமோ மேசையை ஒக்கும். மேசை சிறிதாயின், ஒவ்வொரு தாளுக்கும் எழுந்து அலுமாரிக்குச் செல்ல நேரும். கணினி மந்தமாவதும் பெரும்பாலும் இவ்வாறே.

இன்று வழங்கும் நினைவகத்துக்கு அடிகோலியவர் ஐ.பி.எம். நிறுவனத்துப் பொறியியலாளர் ரொபர்ட் டெனார்ட். 1966 இல் அவர் கண்ட முறைக்கு 1968 இல் காப்புரிமை கிடைத்தது. செய்தியின் ஒவ்வொரு கூறும் ஒரு நுண்ணிய கொள்ளளவியில் மின்னேற்றமாகத் தங்குகிறது. அம்மின்னேற்றம் கசியும் இயல்பினது. ஆகவே பொதுவாக 64 மில்லிசெக்கனுக்குள் ஒரு முறை அது புதுப்பிக்கப்படுகிறது. மின்சாரம் அற்றவுடன் நினைவகம் வெறுமையாவதன் காரணம் இதுவே.

கண்டி நகருக்குப் பேருந்து ஏறுமுன், வீட்டிலிருந்தவாறே கணினியிடம் மூன்று வினாக்களைக் கேட்டுவிடலாம்.

முதலாவது, குறை நினைவகத்தில்தானா? விண்டோஸ் கணினியில் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய விசைகளை ஒருங்கே அழுத்தினால் 'டாஸ்க் மனேஜர்' தோன்றும். வழக்கமான வேலை நடக்கும்போது அதிலே நினைவகம் ஏறக்குறைய முழுவதும் நிரம்பியிருப்பின், ஐயம் சரியே. பாதியும் நிரம்பாதிருப்பின், பழைய சுழலும் வன்தட்டே காரணமாயிருக்கலாம். அதற்கு மருந்து வேறு.

இரண்டாவது, மாற்ற இயலுமா? மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றாசு வைக்கப்பட்டுள்ளது. அத்தகைய கணினியில் தனித் துவாரமும் இல்லையாயின் நினைவகத்தைப் பெருக்குதல் அரிது.

மூன்றாவது, எவ்வகை பொருந்தும்? டி.டி.ஆர். 3 வகைக்கு 204 தொடுமுனைகள், நான்காம் வகைக்கு 260, ஐந்தாம் வகைக்கு 262. ஒன்றன் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. தாய்ப்பலகை ஏற்கும் உச்ச அளவும் உண்டு. உருமாதிரியின் பெயரைக் கணினியின் அடிப்புறத்தில் பார்த்துக் குறித்துக்கொள்க.

பொருத்தும் முறை கடினமன்று, பொறுமையே வேண்டும். மின்னிணைப்பை நீக்கி, கணினியை முற்றாக நிறுத்தி, மின்கலத்தையும் கழற்றுக. பின்னர் உலோகப் பொருளொன்றைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்குக. கண்டியின் ஈரக்காற்றில் நிலைமின் குறைவேயாயினும், குளிரூட்டிய அறையில் அவ்வாறன்று. நினைவகத்தை ஓரங்களிற் பிடித்து, அதன் வெட்டுத் துவாரத்தின் மேட்டுடன் இசையுமாறு சாய்வாகச் செருகிக் கீழே அழுத்தினால், இரு புறத்துக் கொளுவிகளும் பூட்டிக்கொள்ளும். பலவந்தம் கூடாது. இதிற் கை பழகாதவர்கள் தேர்ந்த பழுதுபார்ப்பவரை நாடுவதே நன்று.

எவ்வளவு வேண்டும் என்பதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். விண்டோஸ் 11 குறைந்தது 4 கிகாபைட் கேட்கிறது. மாணவரின் எழுத்துவேலைக்கும் இணையவழி வகுப்புக்கும் 8 கிகாபைட் பெரும்பாலும் போதும். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் சில்லுகளைப் பெருமளவிற் கொள்வனவு செய்தமையால், 2025 இன் பிற்பகுதியில் உலகச் சந்தையில் நினைவகத்தின் விலை மிக உயர்ந்தது. ஆகவே தேவைக்கு மேல் வாங்குவது வீண்செலவு.

இன்னொன்று. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிவுற்றது. பழைய செயலியை விண்டோஸ் 11 ஏற்காதெனின், நினைவகத்தைப் பெருக்குவதால் அக்குறை தீராது. லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவுவது அப்போது ஒரு வழியாகும்.

நோயறிந்து மருந்து கொள்வதே முறை. மேற்கண்ட மூன்று வினாக்களுக்கும் விடை தெரிந்தபின் கடைக்குச் செல்பவர், தமக்கு வேண்டியதைத் தாமே கேட்டு வாங்குவார். வேண்டாததை மறுக்கவும் அவரால் இயலும்.