செங்கீரை முதல் வருகை வரை

திருச்செந்தூர் கடற்கரைக்கு எந்த நாள் போனாலும் புதிதாக முடி இறக்கிய குழந்தைகளைப் பார்க்கலாம். தாய்மாமன் மடியில் அழுது ஓய்ந்து, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அலையைப் பார்த்து விழித்துக்கொண்டிருக்கும். உற்றுப் பார்த்தால், ஈரச் சந்தனத்துக்கு அடியில் உச்சிக்குழி லேசாகத் துடிப்பது தெரியும். மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒன்றுசேராத இடம் அது. உள்ளே வளரும் மூளைக்கு வழிவிட்டு நிற்கும் அந்தக் குழி, பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடிக்கொள்ளும்.

பிறக்கும்போது சுமார் 34 செ.மீ. இருக்கும் தலைச் சுற்றளவு, முதல் பிறந்தநாளில் 45 செ.மீ. அளவை எட்டுகிறது. மூளை ஏறக்குறைய இரு மடங்காகிறது. பிறந்த எடை ஐந்து மாதத்தில் இரட்டித்து, ஓராண்டில் மூன்று மடங்காகிறது. பிறந்த பிறகு இந்த வேகம் வாழ்நாளில் மறுபடி வருவதில்லை.

இந்த வளர்ச்சியை மாதவாரியாகக் கவனித்து இலக்கியமாக்கியவர்கள் நம் புலவர்கள். பகழிக்கூத்தர் இதே கடற்கரை முருகனைக் குழந்தையாக்கிப் பாடியதுதான் திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழ். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்கள் மூன்றாம் மாதத்தில் தொடங்கி, ஒற்றைப்படை மாதங்களாக நகரும். மாதக் கணக்கு நூலுக்கு நூல் சற்று மாறினாலும், வரிசையைக் குழந்தை மருத்துவர் பார்த்தால் வியந்துபோவார்.

ஐந்தாம் மாதம் செங்கீரை: கையூன்றி, தலை நிமிர்த்தி ஆடும் பருவம். கழுத்து நின்று, குப்புறப் படுத்த பிள்ளை நெஞ்சைத் தூக்கிப் பார்க்கும் காலமும் அதுதான். ஏழாம் மாதம் தால். தால் என்றால் நாக்கு. தாலாட்டு என்ற சொல்லுக்குள்ளும் அதுவே இருக்கிறது. பிள்ளை 'பாபா', 'மாமா' என்று ஒலிகளை அடுக்கத் தொடங்குவதும் அப்போதுதான். ஒன்பதில் சப்பாணி: பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்து கை கொட்டும். பதினொன்றில் முத்தம்: கேட்டதைப் புரிந்துகொண்டு, கன்னத்தை எச்சிலாக்கிவிட்டுச் சிரிக்கும். பதின்மூன்றில் வருகை: "வா" என்று கை நீட்டினால் தள்ளாடி நடந்து வரும்.

முத்துக்குளித்துறைப் பக்கத்துப் பாட்டு அல்லவா, முத்தப் பருவத்தில் முத்து வராமல் இருக்குமா? அலை எறிந்த வலம்புரிச் சங்கு கரையில் ஈன்ற முத்துக்கு விலை உண்டு, முருகா, உன் முத்தத்துக்கு விலையே இல்லை என்கிறார் புலவர்.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் நடப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் குழந்தைகளின் வளர்ச்சியை ஆராய்ந்தது. டெல்லிக் குழந்தைகளும் அதில் உண்டு. தானாக நடக்கத் தொடங்கும் வயது 8 மாதம் முதல் 17 மாதத்துக்கு மேல் வரை பரந்திருந்தது. நூற்றில் நான்கு பிள்ளைகள் தவழாமலேயே நடந்துவிட்டார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு இளந்தாயை வதைக்க வேண்டியதில்லை.

உணவில் மட்டும் சலுகை கிடையாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம். பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டுச் சேனை வைக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தசைகளையே செயலிழக்கச் செய்யும். தாய்க்குப் பால்சுறாப் புட்டு ஆக்கிப் போடுவது இந்தக் கரையின் வழக்கம். அவருக்குப் புரதம் வேண்டும். ஆறு மாதம் முடிந்ததும் பிள்ளைக்குக் குழைந்த பருப்புச் சோறு, மசித்த வாழைப்பழம், முட்டை, முள் நீக்கிய மீன் என்று படிப்படியாகத் தொடங்கலாம்.

பேச்சு தாமதமானால்? இதே மாவட்டத்து ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசவில்லை என்றும், திருச்செந்தூர்ச் சந்நிதியில்தான் வாய் திறந்தார் என்றும் ஐதீகம். பின்னாளில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடியவர் அவர். அந்தப் பெற்றோருக்கு வேண்டுதல் ஒன்றே வழியாக இருந்தது. இன்றைக்கு வேண்டிக்கொள்வதோடு மருத்துவரிடமும் போகலாம். "அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று ஆச்சி சொல்வதை நம்பிக் காத்திருந்தால், இழந்த மாதங்கள் திரும்பாது. செவித்திறன் இல்லாததால் பேசாத பிள்ளைக்குத் தமிழக அரசின் காப்பீட்டிலேயே காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். எவ்வளவு சீக்கிரம் பொருத்துகிறோமோ அவ்வளவுக்குப் பேச்சு வரும்.

மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, ஐந்தாகியும் கழுத்து நிற்கவில்லை, சத்தம் வந்த பக்கம் திரும்புவதில்லை, பத்தாகியும் தானாக உட்காரவில்லை, ஒரு வயதாகியும் மழலை இல்லை — இவற்றில் ஒன்று தென்பட்டாலும் தள்ளிப்போடாதீர்கள். 6, 10, 14 வாரங்களிலும் ஒன்பதாம் மாதத்திலும் தடுப்பூசிக்கு எப்படியும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகப் போகிறீர்கள். அன்றைக்கே பிள்ளையின் எடையையும் தலைச் சுற்றளவையும் குறித்துத் தரச் சொல்லுங்கள். மனதில் உள்ள சந்தேகத்தைக் கூச்சப்படாமல் செவிலியரிடம் கேளுங்கள்.